பொன்னையா பேரில் இருபது மாதம்

மேல் பிரிவு,
மூங்கிலாறு தோட்டம்,
ஹல்துமுல்லை.
4.3.1979

அன்புள்ள அண்ணனுக்கு,

அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம். கொழும்புச் சாப்பாட்டில் நீங்கள் மெலிந்துபோகாமல் இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே தினமும் பேச்சு.

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமையே பெரகலைக்கு வந்துவிட்டதாம். எனக்கு நேற்றுத்தான் போக முடிந்தது. புஹாரி நானா அதைக் கடையில் சீனிச் சாக்குக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தார். "ஒங்கட அண்ணன் இந்த முற கனமா எழுதியிருக்கார், முத்திர ரெண்டு ஒட்டியிருக்கு" என்றார். தோட்டத்துக்கு வரும் கடிதங்களைப் பெரிய கிளாக்கர் ஐயா பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் தருவார் என்று நீங்கள் இந்த ஏற்பாட்டைச் செய்தது எவ்வளவு நல்லது.

வணிக முகாமைத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்று வாசித்ததும் ரோட்டிலேயே நின்றுவிட்டேன். லொறிக்காரர் ஹோர்ன் அடித்துத் திட்டிய பிறகுதான் ஓரமாகப் போனேன். அப்பாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். முகாமைத்துவம் என்றால் என்ன என்று கேட்டார். ஒரு கம்பனியை எப்படி நடத்துவது என்ற படிப்பு என்றேன். "அப்ப தொர வேலையா?" என்றார். கிட்டத்தட்ட அதுதான் என்றேன். அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு, "தொர கண்ணுல படாம இருக்கணும்னு ஒளிச்ச பய, இப்ப அவனே தொரையாகப் போறானாக்கும்" என்றார். சிரிக்கவில்லை. ஆனால் ராத்திரி இரண்டு ரொட்டி கூடுதலாகச் சாப்பிட்டார்.

விண்ணப்பத்தின் பதினான்காவது கேள்வியை நீங்கள் எழுதியபடியே என் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். "பாடசாலையை விட்ட நாள் தொடக்கம் செய்த தொழில்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட இடைவெளி இருப்பின் காரணமும் அத்தாட்சியும் தருக." அதில் 1974 ஏப்ரல் முதல் 1975 நவம்பர் வரை வெறுமையாக விடப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. ஆனால் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அப்பா விறகுக்குப் போய்ப் பள்ளத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார். மூன்று மாதம் விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது போய் நிற்காவிட்டால் செக்ரோல் புத்தகத்தில் பேரை வெட்டிவிடுவார்கள். பேர் போனால் நாம் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போய்விடும். அம்மா உயிரோடு இருந்திருந்தால் அம்மா பேரிலாவது அது நின்றிருக்கும். உங்கள் பேரைப் பதியச் சொல்லிக் கேட்டதற்கு, புதுப் பேர் பதிவதில்லை என்றுவிட்டார்கள். பண்டாரவளைக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நீங்கள் அதை விட்டுவிட்டு வந்து, அப்பாவின் கம்பளியைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு விடியற்காலையில் பெரட்டுக்குப் போனீர்கள். பெரட்டில் பேர் எடுக்கும் கணக்கப்பிள்ளை ஐயா எல்லாம் தெரிந்துகொண்டே "பொன்னையா" என்று கூப்பிடுவார். நீங்கள் "ஐயா" என்பீர்கள்.

யார் கேட்டாலும் அப்பா மலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்ல வேண்டும் என்பது எனக்குப் பாடம். கதவுக்குப் பின்னால் அப்பா இருமலை அடக்கிக்கொண்டு படுத்திருப்பார். இப்போதும் பெரட்டுக்கு அடிக்கும் தப்புச் சத்தம் கேட்டால் நான் முதலில் கதவைத்தான் பார்க்கிறேன்.

அந்த மாதங்களையா வேலை செய்யாத மாதங்கள் என்று விடுவது? விண்ணப்பத்தில் வெற்றிடம் விட்டால் வாசிப்பவர் அதைத் தன் சந்தேகத்தால் நிரப்பிக்கொள்வார் என்று எங்கள் ஆங்கிலப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. நன்றாக யோசித்துப் பாருங்கள் அண்ணா.

உங்கள் அன்புத் தங்கச்சி,
பாக்கியலெட்சுமி


கொழும்பு 11
15.3.1979

அன்புத் தங்கச்சி பாக்கியத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அப்பா இடுப்புக்கு எண்ணெய் தேய்க்கிறாரா? இந்த மாதம் பனி அதிகம் என்று கேள்விப்பட்டேன்.

நீ சொல்வதை நான் யோசிக்காமல் இல்லை. கணக்கு மூடிவிட்டுப் படுத்தால் அந்தக் கேள்விதான் கண்ணுக்குள் நிற்கிறது. எங்கள் தெருவில் ஸரூக் என்று ஒருவன். போன வருசம் இதே கல்லூரிக்கு விண்ணப்பித்தான். எட்டு மாதம் வேலை இல்லாமல் இருந்திருக்கிறான். நேர்முகத்தில் மூன்று பேர் உட்கார்ந்து, அந்த எட்டு மாதமும் எங்கே இருந்தாய், மறியற்சாலையிலா, ஆஸ்பத்திரியிலா, எழுபத்தொன்றில் துவக்குத் தூக்கிய குழப்பத்து ஆட்களோடா என்று மாறி மாறிக் கேட்டார்களாம். வீட்டில் தூங்கினேன் என்று பகிடியாகச் சொல்லியிருக்கிறான். அதோடு அவன் கதை முடிந்தது. எட்டு மாதத்துக்கே அப்படி. எனக்கு இருபது.

பண்டாரவளைக் கடை மர்ஸூக் முதலாளி, "அந்த இருவது மாசமும் நீ என்ட கடையிலதான் நிண்ட எண்டு எழுதித் தாரன், பயப்புடாத" என்றார். நல்ல மனிதர். ஆனால் அப்போது என் இடத்தில் அலவி நின்று கணக்கு எழுதினான். சேமலாப நிதிப் பதிவில் அவன் பேர்தான் இருக்கிறது. யாராவது தேடிப் பார்த்தால் முதலாளியும் சேர்ந்து தலைகுனிய வேண்டும்.

சுகமில்லாத அப்பாவைப் பார்த்துக்கொண்டேன் என்று எழுதினால் அது உண்மைதான். ஆனால் அத்தாட்சி கேட்பார்கள். பதுளை ஆஸ்பத்திரித் துண்டு என்னிடம் இருக்கிறது. அதைக் கொடுத்தால், ஆஸ்பத்திரியில் கிடந்த பொன்னையா அதே நாளில் மலையில் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டியது எப்படி என்று ஒருவர் கேட்டால் போதும். அப்பாவுக்கு இன்னும் இரண்டு வருசம் வேலை இருக்கிறது. அதற்குள் இது வெளியில் வந்தால் வேலை போகும், காம்பரா போகும். கணக்கப்பிள்ளைக்கும் போகும். அவருக்கு ஐந்து பிள்ளைகள், பாக்கியம்.

ஆகவே வெறுமையாகவே இருக்கட்டும். நேரில் கேட்டால் அந்த நேரத்தில் வாயில் வருவதைச் சொல்கிறேன். நீ இதைப் பற்றி யாரிடமும் பேசாதே. உனக்கு ஆங்கிலம் படிப்பிக்கும் லரீபா டீச்சரிடம்கூட.

உன் அண்ணன்,
நல்லையா


மேல் பிரிவு,
மூங்கிலாறு தோட்டம்,
ஹல்துமுல்லை.
1.4.1979

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தைக் கோபிக்காமல் கடைசிவரை வாசிக்க வேண்டும். நான் யாரிடமும் பேசவில்லை. எழுதினேன்.

போன திங்கட்கிழமை கல்லூரித் தலைவருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அனுப்பினேன். விலாசம் உங்கள் முதல் கடிதத்தில் இருந்தது. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "என் அண்ணன் நல்லையா அந்த இருபது மாதமும் சும்மா இருக்கவில்லை. எங்கள் தோட்டத்தில் உடம்பு நோக வேலை செய்தார். தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லாததால் தங்கை நான் எழுதுகிறேன்." யாருடைய பேரில் என்று ஒரு சொல்லும் எழுதவில்லை. அப்பாவைப் பற்றி எழுதவில்லை. இதில் பொய் இல்லை. பொய் இல்லாத இடத்தில் பயம் எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐந்து தரம் பிரதி பண்ணினேன். லரீபா டீச்சர் கற்பித்தபடி வலது பக்க மேல் மூலையில் நம் விலாசம், அதன் கீழ் திகதி, இடது பக்கம் அவருடைய பதவி, எல்லாம் ஒழுங்கு. பரீட்சையாக இருந்தால் பத்துக்குப் பத்து கிடைத்திருக்கும். டீச்சரிடம் காட்ட ஆசைதான். நீங்கள் வேண்டாம் என்றதால் காட்டவில்லை.

ஹல்துமுல்லைத் தபால் பெட்டியில் போடும்வரை சந்தோசமாகத்தான் இருந்தேன். கடிதம் உள்ளே விழுந்த சத்தம் கேட்டதும் திரும்ப எடுத்துவிட வேண்டும் போல இருந்தது. ஏன் என்று தெரியவில்லை. பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தேன். எட்டவில்லை.

நான் செய்தது சரிதானே அண்ணா?

பாக்கியலெட்சுமி


கொழும்பு 11
6.4.1979

பாக்கியம்,

நம் விலாசம் என்று எழுதியிருக்கிறாயே, எது? புஹாரி நானா கடையா, தோட்டமா? எனக்கு எழுதும் கடிதத்தின் தலைப்பில் நீ எப்போதும் தோட்டத்து விலாசத்தைத்தான் போடுகிறாய். அதையே போட்டிருந்தால் பதில் நேராகப் பெரிய கிளாக்கர் மேசைக்குத்தான் வரும். தோட்டத்தில் வேலை செய்ததற்கு அத்தாட்சி தா என்றுதான் எழுதுவார்கள். அவர் செக்ரோலை எடுத்துப் பார்ப்பார்.

கணக்கப்பிள்ளையிடம் உடனே சொல்லிவிடு. அப்பாவிடம் சொல்லாதே. யாராவது நேரில் கேட்டால் அப்பாவுக்கு மறைக்கத் தெரியாது. என் பழைய கடிதங்களை எல்லாம் அடுப்பில் போடு. இதையும்.

நல்லையா


28.4.1979

அன்புள்ள அண்ணனுக்கு,

தோட்டத்து விலாசம்தான். கை தானாக எழுதிவிட்டது. இனி எந்தக் கடிதத்திலும் விலாசம் எழுத மாட்டேன்.

உங்கள் கடிதம் கிடைத்த அன்றைக்கே கணக்கப்பிள்ளை ஐயாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு, "படிச்ச புள்ள" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் பரவாயில்லை. அதற்குப் பிறகு பள்ளி விடுமுறை முழுவதும், மத்தியானம் தபால் பை ஆபீசுக்குப் போகும் நேரத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

புதன்கிழமை ஆபீஸ் ஆள் வந்தார். "பெரிய கிளாக்கரு ஐயா ஒங்கள வரச் சொன்னாக" என்றதும் அப்பா தனக்கு என்று நினைத்துச் சட்டை போடப் போனார். இல்லை, பாப்பாவைத்தான் என்று அவர் என்னைக் காட்டினார். ஸ்கூல் விசயம் என்று சொல்லிவிட்டு நான் மட்டும் போனேன். நாலு மைலும் நான் மனதில் தயார் பண்ணிய பதில்கள் ஆபீஸ் படியில் கால் வைத்ததும் மறந்துபோயின.

மேசையில் கல்லூரியின் கடிதம் இருந்தது. அதன் மேல் ஒரு கண்ணாடிக் கல். பக்கத்தில் சிவப்பு அட்டை போட்ட இரண்டு செக்ரோல் புத்தகங்கள் திறந்தே இருந்தன. பெரிய கிளாக்கர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "ஒங்க அண்ணன் பேரு எதுலயும் இல்லையே" என்றார். விரலால் ஒரு வரியைத் தேய்த்தபடி, "ஆனா ஒங்கப்பா பேரு இருக்கு. மாசத்துல அஞ்சு நாளு வேலைக்கு வராம நின்னுக்கிற மனுசன், இந்த இருவது மாசம் ஒரு நாளும் வராம இருக்கல. கவ்வாத்துல அவன்தான் மொதல் ஆளு. அப்பறம் திரும்ப அஞ்சு நாளு வராம நின்னுக்கிறான். என்னா அதிசயம்?" என்றார்.

அண்ணா, நீங்கள் ஏன் அவ்வளவு நன்றாக வேலை செய்தீர்கள்?

சுவர் மணிக்கூட்டின் சத்தம் காதுக்குள் அடித்தது. அப்பா இருமலை அடக்கிக்கொண்டு படுத்திருந்த கதவு கண் முன்னால் வந்தது. "நான்தான் பொய் எழுதினேங்க ஐயா" என்றேன். "அண்ணன் அப்ப சும்மாதான் இருந்துச்சு. எங்கயும் வேல செய்யல. காலேஜில எடுக்கணும்னு நானாத்தான் எழுதினேன்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இங்கிலீசு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். டீச்சர் பேரைச் சொன்னேன். "பொய்ய பிழையில்லாம எழுதியிருக்க" என்றார்.

ஒரு தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். முன்பு எழுதியது உண்மையல்ல, என் அண்ணன் அந்த இருபது மாதமும் எந்தத் தொழிலும் செய்யாமல் இருந்தார் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். எழுதினேன். விலாசத்தை மறந்துவிட்டேன். "வெலாசத்தப் போடு" என்றார். வலது பக்க மேல் மூலையில் போட்டேன். அவரே உறையில் வைத்து ஒட்டி, தபால் பைக்குள் போட்டுவிட்டு, செக்ரோலை மூடினார்.

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டதா, விளங்கியும் விட்டுவிட்டாரா, இல்லை இன்னொரு நாளைக்கு எடுக்கலாம் என்று வைத்திருக்கிறாரா? எனக்குத் தெரியவில்லை. வாசலில் நான் செருப்பைப் போடும்போது, "ஒங்கப்பன் இடுப்பு எப்புடி இருக்கு?" என்று உள்ளேயிருந்து கேட்டார். நல்லா இருக்குங்க என்று சொல்லிவிட்டு நடந்தேன். ஓடக்கூடாது என்று எண்ணி எண்ணி நடந்தேன்.

நீங்கள் கல்லூரிக்குப் போவதற்காக ஒரு கடிதம் எழுதினேன். போகாமல் இருப்பதற்கும் நானே எழுதிவிட்டேன். என்னைத் திட்டியாவது ஒரு கடிதம் போடுங்கள்.

பாக்கியம்


27.5.1979

அன்புள்ள அண்ணனுக்கு,

நாலு ஞாயிற்றுக்கிழமை பெரகலைக்குப் போய்விட்டு வந்தேன். இப்போதெல்லாம் நான் கடைக்குள் கால் வைக்கும் முன்பே புஹாரி நானா தலையை ஆட்டிவிடுகிறார். போன கிழமை பாவப்பட்டு ஒரு டொபி தந்தார். வாயில் போட முடியவில்லை.

ஆபீசிலிருந்து இதுவரை யாரும் வரவில்லை. ஒவ்வொரு நாளும் இன்றைக்கு வருவார்கள் என்று நினைக்கிறேன். லயத்துப் பக்கம் சப்பாத்துச் சத்தம் கேட்டால் புத்தகத்தில் அதே வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்.

அப்பா உங்கள் கடிதம் எங்கே என்று கேட்டார். கொழும்பில் தபால்காரர்கள் வேலைநிறுத்தம் என்று சொன்னேன். இப்போது எனக்குப் பொய் சுலபமாக வருகிறது. அது இன்னொரு பயம்.

நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா என்று மட்டும் எழுதுங்கள். வேறு ஒன்றும் வேண்டாம்.

பாக்கியம்


கொழும்பு 11
12.6.1979

அன்புத் தங்கச்சிக்கு,

சுகமாக இருக்கிறேன். உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. எழுத உட்காருவேன், இரண்டு வரி எழுதிக் கிழித்துவிடுவேன். கோபம் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை நேர்முகம். மூன்று பேர் இருந்தார்கள். நீ கல்லூரிக்கு எழுதிய இரண்டு கடிதத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். முதலாவதில் எழுத்து முத்து முத்தாக இருந்தது. இரண்டாவது கோணி நடுங்கியிருந்தது. அதைப் பார்த்த பிறகு கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

இரண்டில் எது உண்மை என்று கேட்டார்கள். இரண்டாவது என்றேன். நடுவில் இருந்தவர் வயதானவர், மரியாதையாகத்தான் பேசினார். இருபது மாதம் ஒரு வாலிபன் ஒன்றுமே செய்யாமல் எப்படி இருக்க முடியும், அலுப்பாக இருக்கவில்லையா என்று கேட்டார். இருக்கவில்லை என்றேன். அவருக்குப் பக்கத்தில் இருந்த பெண்மணி என் இடது கையைப் பார்த்தார். அது கவ்வாத்துக் கத்தி பட்ட வடு, உனக்குத் தெரியுமே. அது என்ன காயம் என்று கேட்டார். சைக்கிளில் விழுந்தேன் என்று சொல்லிக் கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். உழைப்பில் தொடர்ச்சி இல்லாதவர்களை எடுப்பது கஷ்டம் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

வெளியே வந்து காலிமுகத்திடலில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தேன். உனக்குப் பத்து வயதில் நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் 'அப்பா மலைக்குப் போயிருக்கிறார்' என்பதுதான். அதை மறக்காமல் ஆபீசில் ஒப்புவித்திருக்கிறாய். உன்னை எப்படித் திட்டுவது?

அப்பாவுக்கு வாசிக்கும்போது இந்தப் பக்கத்தை விட்டுவிடு.

உன் அண்ணன்,
நல்லையா


8.7.1979

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைக் கடை வாசலிலேயே வாசித்து அழுதேன். புஹாரி நானா பயந்துபோய் வீட்டில் யாருக்கும் ஏதாவதா என்று கேட்டார். இல்லை, அண்ணா எழுதியிருக்கிறார் என்றேன். அதற்கு ஏன் அழுகிறாய் என்று ஒரு தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

அப்பாவுக்கு வாசிக்கும்போது நீங்கள் சொன்னபடி ஒரு பக்கத்தை விட்டேன். எழுத்துத் தெரியாத மனிதர் என்று நினைத்துத் தாளைச் சட்டென்று திருப்பினேன். அப்பா அடுப்பைப் பார்த்தபடியே, "ஒரு பக்கத்த முழுங்கிட்டியே, பாப்பா" என்றார். பிறகு மறைக்க முடியவில்லை. பழையது, புதியது எல்லாவற்றையும் சொன்னேன். ஆபீசில் நான் எழுதிக் கொடுத்ததையும், நீங்கள் கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டதையும்.

அப்பா கையிலிருந்த ஊதுகுழலைக் கீழே வைத்தார். "சும்மா இருந்தேன்னா சொன்னான்?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். எழுந்து கம்பளியை எடுத்தார். ஆபீசுக்குப் போகிறார் என்று நினைத்துக் கதவில் சாய்ந்து நின்றுகொண்டேன். "வெலகு. கணக்கப்புள்ளயக் கூட்டிட்டு வாரேன்" என்றார்.

இரண்டு பேரும் வந்தார்கள். கோடு போட்ட தாள் எடுக்கச் சொல்லி, அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பேச்சுத் தமிழைத் திருத்தி எழுதப் போனேன். "நான் சொன்னத அப்புடியே எழுது, நீ எழுதித்தான் எல்லாம் வந்துச்சு" என்றார். அதில் என்ன இருக்கிறது என்பதை இங்கே பிரதி பண்ண மாட்டேன். உங்களுக்குத் தெரியும். எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, எந்த மலை, எந்த வேலை, யார் செய்தது. ஆறு வரிகள். மை இல்லாததால் லாம்புச் சிம்னியின் கரியை எண்ணெயில் குழைத்து அப்பா பெருவிரலை வைத்தார்.

பிறகு கணக்கப்பிள்ளை ஐயா பேனாவைக் கேட்டார். நீங்கள் போட வேண்டாம், உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று நான் சொன்னேன். "பேரு கூப்புட்டது நாந்தானே" என்றார். முழுப் பேரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அப்பா வேலையிலிருந்து நின்று, காம்பராக் காரியமும் தீர்ந்த பிறகுதான் அது உங்களுக்கு வரும். இரண்டு வருசம். அதற்குப் பிறகு எந்தக் கல்லூரி கேட்டாலும் பதினான்காவது கேள்விக்கு அதை வைக்கலாம் என்று அப்பா சொல்லச் சொன்னார். "அது சும்மா இருந்த மாசமில்ல. எம்பேருல நின்ன மாசம்" என்றார். கணக்கப்பிள்ளை ஐயாவின் பிள்ளைகளும் அதற்குள் கொஞ்சம் பெரியவர்களாகிவிடுவார்கள். தாளை எங்கே வைத்திருக்கிறேன் என்று எழுத மாட்டேன். ராத்திரி எழும்பி அது இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறேன். இல்லாமல் போயிருந்தால் என்று ஒரு பயம், இருக்கிறதே என்று இன்னொரு பயம்.

இன்று காலையும் தப்பு அடித்தார்கள். பனி மூடியிருந்தது. பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுவது இங்கே வாசல்வரை கேட்கும். "பொன்னையா" என்று கேட்டது. பதில் வரவில்லை. நான் வாசல்படியில் இறங்கி நின்றேன். கணக்கப்பிள்ளை ஐயா மறுபடியும் கூப்பிடவில்லை. காத்துக்கொண்டிருந்தார். பிறகு அப்பா "ஐயா" என்றார்.

இதை வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். தீபாவளிக்கு வாருங்கள்.

தங்கச்சி